கட்டிலுக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை

மன்னார்குடியில் என்னிடம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடம் படித்த ஒருவர் இப்போது அதே ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதிக் காலம் மாதந்தோறும் அந்தக் கடையில்தான் மாத்திரை வாங்கினேன். 2022-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் பில் தொகை வழக்கத்தைவிடக் கூடியிருப்பதைக் கண்டு, அங்கேயே நின்று கூட்டலைச் சரிபார்க்கத் தொடங்கினேன். முப்பத்தொரு ஆண்டு விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்காது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கூட்டல்ல தப்பில்லை டீச்சர், விலையே ஏறிப்போச்சு. கவர்மெண்டே ஏத்திக்கலாம்னு சொல்லியிருக்கு" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் உச்சவரம்பை, மொத்த விலைக் குறியீட்டெண் ஏறும் அளவுக்கு ஆண்டுதோறும் ஏற்றிக்கொள்ள 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை இடம் தருகிறது. அந்தக் கணக்கில் 2022-இல் 10.77 விழுக்காடும் 2023-இல் 12.12 விழுக்காடும் ஏற்ற அனுமதி கிடைத்தது. 2024-இல் குறியீட்டெண் ஏறக்குறைய அசையவே இல்லையாதலால் விலையும் அசையவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், உச்சவரம்புப் பட்டியலில் இல்லாத மருந்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதே ஆணை சொல்கிறது. ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளில், பட்டியலில் இருந்த மருந்துக்குத்தான் ஏறுவதற்கு அதிக இடம் இருந்தது.

உச்சவரம்பை எப்படிக் குறிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரும்பலகை வேண்டாம், மனக்கணக்கே போதும். ஒரு மாத்திரையை நான்கு நிறுவனங்கள் செய்கின்றன, நான்குக்கும் சந்தையில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு இருக்கிறது, கடைக்கு அவை முறையே 10, 8, 6, 2 ரூபாய்க்குக் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6.50. அதன்மேல் கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்த்தால் 7.54. இதுதான் உச்சவரம்பு. ஒருவரால் 2 ரூபாய்க்குக் கொடுக்க முடிகிறதென்றால் அதைச் செய்ய ஆகும் செலவு அதற்கும் கீழேதான் இருக்கும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் ஆணை செலவைக் கேட்பதே இல்லை. 1995 ஆணை கேட்டது: ஆக்கச் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் நூறு விழுக்காடு வரை சேர்த்துக்கொள்ள விட்டது. ஆயினும் 1979-இல் 347 மருந்துகளைப் பிடித்திருந்த அந்த வலை 1995-இல் 76 மருந்துகளாகச் சுருங்கிப் போயிருந்தது. இன்றைய பட்டியல், 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, 384 மருந்துகள் கொண்டது. வலை விரிந்திருக்கிறது, கண்களும் பெரிதாகியிருக்கின்றன.

நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஒரு கசப்பான ஒப்பீடு தானாக எழுகிறது. நெல்லுக்கு அரசு குறிக்கும் ஆதரவு விலை உழவனின் செலவை வைத்துத்தான் போடப்படுகிறது. விதை, உரம், ஆள்கூலி, வீட்டாரின் உழைப்பு எல்லாவற்றையும் துருவிக் கணக்கெடுத்து, அதன்மேல் ஐம்பது விழுக்காடு சேர்த்ததாகச் சொல்லி, 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்கிறார்கள். அந்தச் செலவில் நிலத்தின் வாடகையையும் முதலின் வட்டியையும் சேர்க்க வேண்டுமா என்பதுதான், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் அறிக்கை தந்த நாளிலிருந்து தீராத வழக்கு. அது குறைந்தபட்ச விலை, இது அதிகபட்ச விலை, இரண்டும் வேறு என்று ஒருவர் வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், நடவு ஆள்கூலிக்குக் கணக்குக் கேட்கிற அரசாங்கம் மாத்திரை செய்கிறவரிடம் மட்டும் கேட்காமல் சந்தையைப் பார்த்துச் சராசரி எடுத்துக்கொள்கிறது என்பது என் மனத்தில் செரிக்கவில்லை.

கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னொரு திரையை விலக்கினார். மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டி, "இதுல எம்.ஆர்.பி. 98 போட்டிருக்கா டீச்சர், எனக்கு இது 22 ரூபாய்க்கு வருது" என்றார். மருத்துவர்களிடம் பிரதிநிதிகளை அனுப்பி விற்கும் பிராண்டு ஒரு வகை. அதே மருந்து, பிரதிநிதி இல்லாமல் நேரே கடைக்கு அனுப்பப்படும் ஜெனரிக் மற்றொரு வகை. இரண்டையும் ஒரே நிறுவனமே செய்வதும் உண்டு. முன்னதில் செலவழியும் விளம்பரப் பணம் பின்னதில் கடைக்காரரின் பங்காகிறது. நோயாளியின் கைக்கு வரும்போது அட்டையில் அச்சிட்ட விலையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. வாசலில் '20% தள்ளுபடி' என்று பலகை வைக்க எப்படிக் கட்டுபடியாகிறது என்று பல நாளாக யோசித்ததற்கு அன்று விடை கிடைத்தது. மருந்துச் சீட்டு எழுதுகிறவர் பணம் கொடுப்பதில்லை, கொடுக்கிறவருக்கு எழுதத் தெரியாது. பூச்சி மருந்துக் கடையில் இலையைக் காட்டிவிட்டு, கடைக்காரர் எடுத்துத் தரும் பாட்டிலைப் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த நிலை புதிதல்ல.

அம்மாவின் மாத்திரைச் செலவு மாதம் 1,150 ரூபாயை எட்டியபோதுதான், எங்கள் தெருவுக்கு வந்துபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண்ணை நிறுத்தி விசாரித்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. வருமானச் சான்றோ வேறு தாள்களோ கேட்காமல், சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களின் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து, மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "இனாமா குடுக்கற மாத்திரை எப்படிடி கேக்கும்?" என்றார். அவருடைய தலைமுறைக்கு அரசு ஆஸ்பத்திரி மருந்து என்றால், வீட்டிலிருந்து கழுவி எடுத்துக்கொண்டு போகும் பாட்டிலில் ஊற்றித் தரும் மிக்சரும், தாளில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரையும்தான். மடித்த தாளில் யாருடைய வரவு செலவோ எழுதியிருக்கும் என்று இன்றும் சொல்வார்.

அந்தத் தாள் பொட்டலம் மறைந்த கதையைத் தமிழ்நாட்டில் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் குறை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தில் பெரும்பகுதிக்கு ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. வரும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள்; தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புத்தகம் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் வரவு வைத்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தமக்கு வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள, எடுத்த மதிப்பு பற்றில் ஏறும். மாத்திரை அட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்ற பொருளில் அச்சிட்டிருப்பதால் வெளியே விற்பதும் கடினம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. ஆற்றில் தண்ணீர் விடுவது எளிது, கடைமடை வரை முறை வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மாத்திரையைக் கடைமடைக்குக் கொண்டுபோன வாய்க்கால் இது.

குறைகள் உண்டு. கடையில் இரண்டு மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாக வாங்கியதற்குப் பதில் இதில் தனித்தனியாக விழுங்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் நாள் கணக்கு மூன்றிலிருந்து ஆறானது. ஒரு மாதம் கொழுப்பு மாத்திரை வரவில்லை, வெளியே வாங்கினோம். ஆனால் ஆறு மாதம் கழித்து ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சோதித்தபோது 7.1 என்று வந்தது. கடை மாத்திரை சாப்பிட்ட காலத்தில் அது 7.2. தாளைக் காட்டி விளக்கினேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா எதுக்குடி காசு குடுத்தோம்?" என்று கேட்டார்.

இலவசம் என்றாலே மக்கள் கெட்டுப்போகிறார்கள் என்று தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி வரை நடக்கும் வாதத்தில் நான் நுழைவதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் நோயுறும் வழிப்போக்கர்களைப் பார்க்க வைத்தியர்கள் இருப்பதைப் பெருமையோடுதான் குறிப்பிடுகிறார் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இனி என் சித்தப்பாவின் கதை. அப்பாவின் கடைசித் தம்பியான அவர் என்னைவிட ஏழு வயதே மூத்தவர். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் வைத்துப் பயிரிடுகிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் பெங்களூரில் வேலை செய்வதால் அந்தச் சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. அரசுப் பணியில் இருந்த எனக்கு ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்துக் காப்பீடு தருகிறார்கள். அந்த வழியும் அவருக்கு இல்லை. ஏழை என்ற கணக்கிலும் வராமல், அரசு ஊழியர் என்ற கணக்கிலும் வராமல் நடுவில் நிற்பவர்கள் நாட்டில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டினர் என்று நிதி ஆயோக் 2021-இல் ஓர் அறிக்கையில் சொன்னது. அந்த நடுவில் நிற்கும் சித்தப்பா, ஒரு தனியார் நிறுவனத்தில் 3 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து, எட்டு ஆண்டுகள் தவறாமல் ப்ரீமியம் கட்டி வந்தார்.

சென்ற ஆண்டு பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார். கேஷ்லெஸ் என்று சொன்னதால் நிம்மதியாகப் போனார். அறை எது வேண்டும் என்று கேட்டபோது, நாள் வாடகை 6,000 ரூபாய் உள்ள குளிர்சாதனத் தனியறையைக் கேட்டு வாங்கினார். "பார்க்க வர்றவங்க உட்கார இடம் வேணும்ல" என்பது அவர் நியாயம். ஐந்து நாள் கழித்து வந்த பில் 1,84,000 ரூபாய். அறை வாடகை 30,000. மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,10,000. மருந்தும் இதர பொருள்களும் 44,000. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 1,05,000. மீதி 79,000 ரூபாயைக் கட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று சித்தப்பா கொதித்தார். நான் பாலிசித் தாளை வாங்கி இரண்டு இரவு படித்தேன். ஏமாற்றவில்லை; எல்லாம் எழுதியிருந்தது, எறும்பு எழுத்தில். அறை வாடகைக்கு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் வரம்பு. அவர் எடுத்தது இரண்டு மடங்கு. மேல்மிச்சமான 3,000 ரூபாயை மட்டும் தாமே கொடுத்தால் போதும் என்று அவர் நினைத்தார். எவரும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் அந்த விதிப்படி, வரம்பு அறை வாடகையில் எத்தனை பங்கோ அதே பங்குதான் மருத்துவர் கட்டணத்திலும் அரங்குக் கட்டணத்திலும் கிடைக்கும். அறை உயர்ந்தால் மருத்துவமனையில் மற்றக் கட்டணங்களும் உயர்கின்றன என்பது நிறுவனத்தின் வாதம். ஆகவே அறையில் பாதி 15,000, கட்டணங்களில் பாதி 55,000. மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகியவற்றில் இந்தப் பங்கு வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் வரையறுத்துவிட்டதால் மருந்துச் செலவு தப்பியது. கையுறை, பஞ்சு போன்ற வகையில் 9,000 மட்டும் கழித்து 35,000 கொடுத்தார்கள். கூட்டிப் பாருங்கள், 1,05,000 சரியாக வரும். ஐந்து நாள் விருந்தினர் நாற்காலிக்குச் சித்தப்பா கொடுத்த விலை 70,000 ரூபாய்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் சென்னையில் இருக்கிறார், தமிழ்நாட்டோடு காரைக்காலும் அவர் எல்லைக்குள் வரும், கட்டணமும் இல்லை. போவோமா என்று சித்தப்பா கேட்டார். தாளில் உள்ளபடி நடந்திருப்பதால் போய்ப் பயனில்லை என்றேன். அவர் விரக்தியாகச் சிரித்து, "பயிருக்கு ஊர்க் கணக்கு, உடம்புக்கு ரூம் கணக்கு. என் கணக்குன்னு ஒண்ணு எங்கயும் இல்ல போலிருக்கு" என்றார்.

அது வெறும் பேச்சல்ல. பயிர்க் காப்பீட்டில், சம்பா நெல்லுக்கு உழவர், காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு கட்டுகிறார். கிராம அளவில் பயிர் அறுவடைச் சோதனை செய்து, கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல விளைச்சல் கண்ட ஐந்தின் சராசரியை வைத்துக் குறித்த அளவுக்குக் கீழே ஊர் விளைச்சல் போனால்தான் இழப்பீடு. 2025 சம்பா வரை இருந்த விதிப்படி, சித்தப்பாவின் பள்ளத்து வயல் முழுவதும் மூழ்கி அழுகினாலும், மேட்டு வயல்கள் தப்பி ஊர்ச் சராசரியைத் தூக்கிவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலகத்தில் நின்று பழகிய டெல்டாக்காரர்களுக்குக் காப்பீடு என்றால் என்ன என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது துயரத்தை அளப்பதில்லை, விதியில் எழுதிய ஒன்றை மட்டும் அளக்கிறது.

இதைச் சொல்வதால் அரசுக் காப்பீட்டு அட்டையை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். எதிர்வீட்டு நடவு வேலைக்காரப் பெண்ணின் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அட்டையைக் காட்டி ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நடந்து வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். 2009-இல் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கு 1 லட்சம் என்று தொடங்கியது, ஆட்சிகளும் பெயர்களும் மாறியும் நிற்காமல், 2018-இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்து ஆண்டுக்கு 5 லட்சம் என்று வளர்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் செய்தாலும் அந்தப் பணம் மருத்துவமனைக்கே வருவது இன்னொரு நல்ல விஷயம். ஆனால் ஐந்து லட்சம் என்று மேடையில் சொல்லும் எண் எவ்வளவு பெரியது என்பது, எதிரே நிற்கும் விலையைப் பொறுத்தது.

என்னோடு பணிபுரிந்த தமிழாசிரியர் ஒருவரின் தம்பிக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய். நாள்தோறும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிட்டு, பதினொரு ஆண்டுகளாக வயல் வேலையும் பார்த்துக்கொண்டு நலமாக இருக்கிறார். அந்த மருந்தின் மூல நிறுவனமான நோவார்ட்டிஸ் இந்தியாவில் காப்புரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை வந்தபோது, அதன் பிராண்டின் விலை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் ஏறக்குறைய 8,000 ரூபாய். பழைய மருந்தின் புதிய வடிவம், நோயைத் தீர்க்கும் ஆற்றலில் கூடுதல் என்று காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது; 2013 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1,20,000 என்றால் ஐந்து லட்ச அட்டை நான்கு மாதத்துக்குச் சற்று மேலே தாங்கும், ஐந்தாம் மாதம் குடும்பம் நிலத்தை விற்கும். 8,000 என்றால் ஆண்டுக்கே 96,000. அட்டை ஒன்றுதான், மாறியது விலை. அதற்கு முந்தைய ஆண்டு, மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு, காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் செய்ய அனுமதிக்கும் கட்டாய உரிமம் கொடுத்து, அதை 9,000 ரூபாய்க்குள் கொண்டு வந்தார்கள். அப்படி ஓர் உரிமம் இந்தியாவில் கொடுக்கப்பட்டது அந்த ஒரு முறைதான்.

தேர்தல் அறிக்கைகளில் காப்பீட்டுத் தொகை ஐந்து, பத்து என்று ஏலம் போல ஏறுவதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அட்டை பேசுவது கட்டிலில் படுக்கும் நாளைப் பற்றி. சர்க்கரைக்காரரின் வாழ்நாளில் அப்படிப்பட்ட நாள்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. மாத்திரை விழுங்கும் நாள்களோ ஆண்டுக்கு 365. நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39 விழுக்காடாகக் குறைந்திருப்பதாக அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதே. மிஞ்சியிருக்கும் அந்தப் பங்கு எங்கே கசிகிறது என்று பார்க்க மன்னார்குடிக் கடைத்தெருவில் மாதத்தின் முதல் வாரத்தில் நின்றால் போதும்.

இந்த ஐப்பசியில் சித்தப்பா பாலிசிப் புதுப்பிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதென்று எடுக்காமல் வைத்திருந்தார்கள். சென்ற ஆண்டு 28,000 ரூபாயும் அதன்மேல் பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 33,040 கட்டியிருந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு அந்த வரி இல்லை. ஆனால் ப்ரீமியம் பத்து விழுக்காடு ஏறி 30,800 ஆகியிருந்தது. இன்னும் 4,000 ரூபாய் கட்டினால் அறை வாடகை வரம்பை நீக்கித் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே சம்பாவுக்கான பயிர்க் காப்பீட்டுத் தாளையும் வைத்திருந்தார்.

வரம்பை நீக்கிக்கொள்வதில் உள்ள லாப நட்டத்தை நான் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் முழுவதையும் கேட்கவில்லை. "அதெல்லாம் வேணாம்மா. அடுத்த தடவை வார்டுலயே படுத்துக்கறேன், பார்க்க வர்றவன் நின்னுட்டுப் போகட்டும்" என்று தாளை மடித்தார். பிறகு, மாதாமாதம் தமக்கும் சித்திக்கும் மருந்துக் கடையில் 1,900 ரூபாய் ஆவதைப் பற்றிப் பேசிக்கொண்டே செருப்பை மாட்டியவர், திரும்பி நின்று கேட்டார்.

"அண்ணிக்கு மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு எந்தக் கிழமை வரும்?"

செவ்வாய்க்கிழமை என்றேன்.